இலவசக் கல்விக்கு எவ்வளவு செலவு?

"பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது." இந்தச் செய்தி ஒரு வீட்டுக்கு வந்தால் அன்று பின்னேரத்துக்குள் அயலெல்லாம் அறிந்துவிடும். கோயிலில் நன்றி சொல்வார்கள், பாடசாலையில் பெயர் எழுதுவார்கள், வருவோர் போவோருக்கெல்லாம் ரொபி கொடுப்பார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பிள்ளை படுத்த பின்னர், தாயும் தகப்பனும் தாழ்வாரத்தில் இருந்துகொண்டு இன்னொரு கணக்குப் பார்ப்பார்கள். சங்கிலி ஏற்கெனவே அடைவில் இருக்கிறது. நுண்கடன்காரர் கிழமைக்கொரு தடவை வருகிறார். காலபோக நெல் அறுத்தவுடன் பசளைக் கடைக்கும் உழவு இயந்திரத்துக்கும் கொடுக்கவேண்டியது இருக்கிறது. இதற்குள் பிள்ளையை எங்கே தங்கவிடுவது, என்னத்தை உடுத்து அனுப்புவது, மாதம் எவ்வளவு காசு அனுப்புவது?

எமது நாட்டில் கல்வி இலவசம். சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு முதல் முன்பள்ளி வயது தாண்டிய பிள்ளை பல்கலைக்கழகப் பட்டம் வரை கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற நிலை உருவானது. பல நாடுகளில் இளைஞர்கள் பட்டத்தோடு பெருங்கடனையும் சுமந்துகொண்டு வெளியே வருகிறார்கள். எமது பிள்ளைகளுக்கு அந்தச் சுமை இல்லை என்பது சிறிய காரியமல்ல. ஆயினும் கட்டணம் இல்லை என்பது ஒன்று, செலவு இல்லை என்பது வேறொன்று. கட்டணத்தை அரசாங்கம் பொறுப்பேற்றுக்கொண்டது. செலவு வீட்டிலேயே நின்றுவிட்டது.

தூக்கிக்கொண்டு போகக்கூடிய சொத்து

எமது மக்கள் படிப்பின் மேல் இவ்வளவு ஆசை வைத்திருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், அதே ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களும், 2007இல் முள்ளிக்குளத்தை விட்டு எழும்பியவர்களும், 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்களும் ஒரே பாடத்தைத்தான் கற்றார்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. கிணற்றைத் தூக்கமுடியாது. மாட்டை அவிழ்த்துவிட்டுத்தான் போகவேண்டும். பிள்ளையின் தலைக்குள் இருக்கும் படிப்பை மட்டும் எந்தச் சோதனைச் சாவடியிலும் இறக்கிவைக்கத் தேவையில்லை.

அதனால்தான் மரத்தின் கீழும் தறப்பாளின் கீழும் வகுப்புகள் நடந்தன. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலத்தில் குப்பி விளக்கில் படித்து மருத்துவபீடம் போனவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். (இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் இளையவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதையும் "குப்பி" என்றுதான் சொல்கிறார்கள். பெயர் எங்கிருந்து வந்ததென்று அநேக பிள்ளைகள் யோசிப்பதில்லை.) மெனிக் பாம் முகாமுக்குள் இருந்தபடியே 2009இல் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

இந்த நம்பிக்கையைக் குறைகூற எமக்கு மனம் வராது. ஆனால் காணி போன பின்னர் படிப்பு ஒன்றே காணி என்று நினைப்பவர்கள், காணி வாங்கும்போது பார்ப்பதுபோல் படிப்பையும் பார்த்து வாங்கவேண்டாமா? மேட்டுக்காணியா, பள்ளக்காணியா, தண்ணீர் வருமா, பாதை இருக்கிறதா, உறுதி சரியா என்று பத்துப் பேரிடம் விசாரிக்காமல் எந்தக் கமக்காரனும் காணி வாங்குவதில்லை. பிள்ளை எந்தப் பிரிவில், எந்தப் பாடத்தில், என்ன தொழிலுக்காகப் படிக்கிறது என்ற விடயத்தில் மட்டும் நாம் யாரிடமும் விசாரிப்பதில்லை.

நெல்லாகக் கணக்குப் பார்த்தால்

காசுக் கணக்கு பலருக்குப் பிடிபடாது. நெல்லாகப் பார்ப்போம்.

வெளியூரில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு, அறை வாடகை, பஸ், போட்டோ பிரதி, கைத்தொலைபேசி டேற்றா எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 25,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சிக்கனமான பிள்ளைக்கு இதிலும் குறையலாம். கொழும்புப் பக்கம் போனால் கூடும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலைப்படி ஒரு கிலோ நாட்டு நெல் 120 ரூபா. அந்த விலைக்கே விற்றதாக வைத்துக்கொண்டாலும் ஒரு மாதச் செலவுக்கு 208 கிலோ நெல் போகிறது. வருடத்தில் பத்து மாதம் பிள்ளை அங்கே நின்றால் 2,080 கிலோ. வானம் பார்த்த பூமியில் ஓர் ஏக்கர் காலபோக விளைச்சல் இதற்குக் காணாது. இதிலும் நாம் உழவுக்கூலி, விதைநெல், பசளை, மருந்து, வெட்டுக்கூலி ஒன்றையும் கழிக்கவில்லை. நாலு வருடப் பட்டமென்றால் நாலு காலபோகம். அதற்குள் ஒரு வெள்ளமோ வரட்சியோ வராமலிருக்கவேண்டும்.

மகாபொல இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1981இல் லலித் அத்துலத்முதலியால் தொடங்கப்பட்ட இந்தப் புலமைப்பரிசில் நிதியம் இல்லாவிட்டால் எமது பிள்ளைகளில் பலர் முதல் வருடத்திலேயே திரும்பி வந்திருப்பார்கள். பல வருடங்களாக மாதம் 5,000 ரூபாவாக இருந்த உதவி 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்த்தப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்களுக்கான பேர்சரி 4,000இலிருந்து 6,500 ஆனது. 7,500 ரூபாவை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 250 ரூபா. நல்ல உதவிதான். ஆனால் மூன்று நேரச் சாப்பாட்டுக்கு இது போதாது என்பது சாப்பாட்டுக் கடைக்குப் போகும் எவருக்கும் தெரியும். அதோடு பிள்ளை அனுமதி பெற்றவுடன் இந்தக் காசு கைக்கு வந்துவிடாது. தெரிவுகள் முடிந்து, பெயர்ப்பட்டியல் வந்து, வங்கிக் கணக்குக்கு வந்து சேர மாதங்கள் எடுக்கும். பின்னரும் தவணைகள் பிந்துவதுண்டு. ஆகவே முதல் அரையாண்டுச் செலவை வீடுதான் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வது நல்லது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின்னர் எமது வயல்களுக்கு என்ன நடந்ததென்று உங்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் காலபோகம் விழுந்த கையோடு 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்தைத் தொட்டது. அதாவது ஒரு வருடத்துக்கு முன்னர் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 195 ரூபாவானது. அந்த நாட்களில் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு நேரச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படித்தார்கள். வீட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டிலும் தாங்கள் ஒரு நேரம் விட்டதைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. விலையேற்றத்தின் வேகம் பின்னர் அடங்கியது உண்மை. ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்த இரண்டு வருடங்களில் பட்ட கடனும் பல வீடுகளில் அப்படியே நிற்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு முன்னரும் செலவு இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. உயர்தர வகுப்புக்கு ரியூசன் இல்லாமல் படிக்கமுடியாது என்ற எண்ணம் நாடு முழுவதும் வேரூன்றிவிட்டது. பாடத்துக்கொரு கட்டணம், பட்டினத்துக்கு பஸ், மாலையில் கடைசி பஸ் போய்விட்டால் தெரிந்தவர் வீட்டில் தங்கல். பெண்பிள்ளையென்றால் கடைசி பஸ்ஸை நம்பிப் பெற்றார் அனுப்பமாட்டார்கள். கெட்டிக்காரியான எத்தனையோ பிள்ளை அந்த பஸ்ஸோடு விஞ்ஞானப் பிரிவையும் விட்டிருக்கிறாள்.

பாடத்தைத் தீர்மானிப்பது யார்?

"சுவாமி, மகளை எந்தப் பாடத்தில விடலாம்?" என்று சாதாரணதரப் பெறுபேறு வந்த கிழமையில் பெற்றார் கேட்பார்கள். கேட்பதே பெரிய காரியம். பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதேயில்லை, ஏனெனில் பதிலை ஏற்கெனவே கிராமத்துப் பாடசாலை தீர்மானித்துவிட்டது.

எமது நாட்டில் பாடசாலைகளை வகைப்படுத்தியிருக்கிறார்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும் மட்டுமே. அதற்குக் கீழே உயர்தரம் இல்லாத பாடசாலைகள். வன்னியின் உட்கிராமங்களில் இருப்பவை பெரும்பாலும் 1சியும் அதற்குக் கீழானவையுமே. பெயருக்கு விஞ்ஞானப் பிரிவு இருக்கும் இடத்திலும் இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் வர ஒரு வருடம் ஆகலாம். இந்த நிலையில் ஒரு பிள்ளை கலைப்பிரிவில் படிப்பது அந்தப் பிள்ளையின் விருப்பமல்ல. கலைப்பிரிவுதான் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது.

கலைப்பாடங்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழும் வரலாறும் புவியியலும் படித்தவர்கள் சமூகத்துக்குத் தேவை. ஆனால் தான் தெரிவுசெய்யாத பாடத்தில் பட்டம் பெற்று, அந்தப் பட்டத்துக்கு ஆசிரியர் நியமனத்தைத் தவிர வேறு வழி தெரியாமல் நிற்கும் பிள்ளையிடம், "நீ கலை படித்ததுதான் பிழை" என்று சொல்வது அநியாயம்.

2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. 2017 முதல் சாதாரணதரத்தில் சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையிலேயே தொடர்ந்து தொழிற்பாடங்களைப் படிக்கும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொடங்கியது. எமது பெற்றார் பலர் இதைக் "கடைசி வாங்குப் பிள்ளைகளுக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எந்தப் பாடசாலையில் நடக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் ஒருமுறையாவது விசாரித்துவிட்டு ஒதுக்கலாமே.

பட்டமும் வேலையும்

2017 பெப்ரவரியில் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்தில் பந்தல் போட்டு அமர்ந்தார்கள். மாதக்கணக்காக அமர்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த தாய்மார் இருந்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தார்கள். அரசாங்க நியமனத்துக்கு வயதெல்லை இருப்பதால், ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு ஒரு கதவு மூடிக்கொண்டுவந்தது.

பின்னர் நியமனங்கள் வந்தன. 2020இல் மட்டும் நாடு முழுவதும் ஏறக்குறைய 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்க்கும் திட்டம் தொடங்கியது. பயிற்சிக் காலக் கொடுப்பனவு மாதம் 20,000 ரூபா. அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவியில் எமது பிரதேச செயலகங்கள் நிறைந்தன. மேசை போதாமல் ஒரு மேசையில் இருவர் இருந்த அலுவலகங்களும் உண்டு. அவர்களில் பலர் பின்னர் பாடசாலைகளுக்குப் படிப்பிக்க அனுப்பப்பட்டார்கள். 2022 நெருக்கடியோடு அரச ஆட்சேர்ப்பு இறுகிவிட்டது. இனி ஒரு அரசாங்கம் பட்டதாரிகளைப் பட்டியலோடு அள்ளி எடுக்கும் என்று நம்பி நாலு வருடத்தைக் கழிப்பது, மழை வருமென்று நம்பிக் குளம் வற்றிய சிறுபோகத்தில் ஐந்து ஏக்கர் விதைப்பது போன்றது. வரக்கூடும். ஆனால் யாரும் அப்படி விதைப்பதில்லை.

அரசாங்க உத்தியோகத்தின் மேல் எமது மக்களுக்கு இருக்கும் பிடிப்பு வெறும் கௌரவத்துக்கானதல்ல. மாதம் முடியச் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம். குண்டுவீச்சிலும் வெள்ளத்திலும் எல்லாம் இழந்த வீட்டில், இழக்கமுடியாதது ஓய்வூதியம் ஒன்றே என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. கலியாணப் பேச்சிலும் முதல் கேள்வி அதுதான்! இருந்தும் பட்டதாரிகளை ஒரு நிறுவனம் ஏன் எடுக்கத் தயங்குகிறது என்பதையும் நாம் அறியவேண்டும்.

முதலாவது மொழி. எமது பிள்ளை தமிழில் சிந்தித்துத் தமிழில் பரீட்சை எழுதிப் பட்டம் பெறுகிறது. வங்கியோ கம்பனியோ நேர்முகத்தில் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் திகைத்துவிடுகிறது. எழுத்தில் சித்தியடைந்த பிள்ளைதான், பேசிப் பழகவில்லை. சிங்களமும் அப்படித்தான். அரச சேவையில் சேருபவர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்ற விதி 2007 முதல் இருக்கிறது. எங்கள் இளைஞர் சிலர் மனக்காயத்தால் அந்த மொழியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்தக் காயம் எமக்கு விளங்கும். ஆனால் காணி அலுவலாகக் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதவும், அங்கிருந்து வந்த கடிதத்தை வாசிக்கவும் கிராமத்தில் ஒருவர் வேண்டும். அது எமது பிள்ளையாக இருந்தால் நல்லது.

இரண்டாவது, வேலைத்தலத்தை ஒருநாளும் பார்க்காமலேயே பட்டம் முடிந்துவிடுகிறது. கணக்கியல் படித்த பிள்ளை ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தைத் தொட்டதில்லை. விவசாயம் படித்த பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், "நீ படிக்கிற பிள்ளை, சேற்றில இறங்காதை" என்று தகப்பனே தடுத்துவிடுகிறார். இது அன்பு. ஆனால் இந்த அன்பினால் பிள்ளை இரண்டையும் இழக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாயபீடத்தின் கதை எமக்கு நெருக்கமானது. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்து சில வருடங்களின் பின்னர் மீண்டும் கிளிநொச்சி அறிவியல் நகருக்கு வந்து சேர்ந்தது. எம்மைப்போல் இடம்பெயர்ந்து மீளக்குடியேறிய பீடம் அது! இப்போது அதன் பக்கத்தில் பொறியியற் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. இரணைமடு வாய்க்காலுக்குக் கிட்டவே இவை இருக்கின்றன. ஆனால் அந்த வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் கமக்காரரில் எத்தனை பேர் ஒருநாளாவது அந்தப் படலையைத் தாண்டி உள்ளே போயிருக்கிறோம்? கமக்கார அமைப்பு ஒரு கடிதம் எழுதினால் மாணவர்களோடு ஒரு வயற்பார்வைக்கு ஒழுங்கு செய்யக் கேட்கலாம். பிள்ளைகளுக்கும் அது படிப்பு.

மற்ற மூன்று பிள்ளைகள்

உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுபவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அந்த ஒருவரைப் பற்றியே ஊர் பேசுகிறது. மற்ற மூவரும் "தவறவிட்டவர்கள்" என்று வீட்டுக்குள் இருக்கிறார்கள். இரண்டாம் தரம் எழுதுகிறார்கள், மூன்றாம் தரமும் எழுதுகிறார்கள். இருபத்திரண்டு வயதில் கையில் ஒரு தொழிலும் இல்லை. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு முகவர் வாசலுக்கு வருகிறார். காணியை ஈடு வைக்கச் சொல்கிறார்.

மாவட்ட ஒதுக்கீடு பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் யாழ்ப்பாண இளைஞருக்கு இழைத்த அநீதி பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது, பேசப்படவும் வேண்டும். அதன் பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற இடங்களின் கமக்காரப் பிள்ளைகளுக்கு முதன்முறையாகப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்துவிட்டது என்பதும் உண்மை. அது எமது பேச்சில் குறைவாகவே இடம்பெறுகிறது. இன்று பல கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா எல்லாம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவை. ஆகவே இசட் புள்ளியை யாழ்ப்பாணத்து உறவினர் பிள்ளையோடு ஒப்பிட்டுவிட்டு, "இந்தப் புள்ளிக்குக் கிடையாது" என்று விண்ணப்பியாமல் விடவேண்டாம். அப்படி விட்ட பிள்ளைகள் உண்டு.

இடம் கிடைக்காவிட்டால் என்ன? தேசிய தொழிற்றகைமை என்ற படிமுறை 2000களின் நடுப்பகுதியிலிருந்து இருக்கிறது. பிள்ளைகள் "என்.வி.கியூ" என்பார்கள். ஒன்று முதல் நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இந்தப் பாதையால் வருபவர்களுக்காகவே இருக்கிறது. அதாவது மின்னிணைப்பு வேலை பழகப்போன பிள்ளையும் ஒருநாள் பட்டதாரியாகலாம். அந்தப் பாதையில் எந்தப் படியில் இறங்கினாலும் கையில் தொழில் இருக்கும்.

அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் திருத்தம், மின்சாரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் போன்றவற்றைப் படிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. பயிலுநர் பயிற்சி அதிகாரசபை வேலைத்தலத்திலேயே பழகவிடுகிறது. யாழ்ப்பாணத்திலும் வேறு மாவட்டங்களிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் கணக்கியல், பொறியியல் உயர் தேசிய டிப்ளோமாக்கள் உண்டு. வவுனியாவிலும் பரந்தனிலும் விவசாயப் பாடசாலைகள் இருக்கின்றன. ஆசிரியராக வேண்டுமென்றால் வவுனியாவிலும் கோப்பாயிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பட்டம் இல்லாமலே, உயர்தரப் பெறுபேற்றுடன் சேர்ந்து, விடுதியில் தங்கிப் படித்து நியமனம் பெறலாம். நாலு வருடம் பட்டம் படித்து நாலு வருடம் பந்தலில் இருந்து கிடைக்கும் அதே ஆசிரியப் பணி!

இன்னொரு விடயம் பெற்றாருக்கும் உரியது. இருபது வருடம் மேசன் வேலை செய்தவர், உழவு இயந்திரம் திருத்துபவர், தச்சர் ஆகியோரிடம் சான்றிதழ் எதுவும் இருப்பதில்லை. இருந்ததும் இடப்பெயர்வில் போயிருக்கும். இவர்கள் மறுபடி வகுப்பில் குந்தத் தேவையில்லை. முன்அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. வேலையைச் செய்துகாட்டினால் போதும். வெளிநாட்டுக்கு முறையாக வேலைக்குப் போவதற்கும், உள்ளூரில் ஒப்பந்தம் எடுப்பதற்கும் இது உதவும்.

காசு கட்டிப் படிப்பிக்கும் நிலையங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. பட்டினங்களில் பெரிய பலகைகள் தொங்குகின்றன. "வெளிநாட்டுப் பட்டம், உடனடி வேலை" என்பார்கள். பட்டம் என்று சொன்னால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ கல்வி அமைச்சோ அதை ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிப்பதற்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றும் உண்டு. வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். படித்து முடித்தபின் திருப்பிக் கட்டவேண்டியது பிள்ளை.

காத்திருக்கும் காலம்

கொவிட் தொற்றுக்குப் பின்னர் பரீட்சைகள் பிந்தின. 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 தொடக்கத்தில் நடந்தது. பின்னர் சிறிது சிறிதாகச் சரிப்படுத்துகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை பல்கலைக்கழகப் படியில் கால்வைக்க ஒரு வருடத்துக்கு மேல் போகிறது. இந்தக் காலத்தில் பிள்ளை கைத்தொலைபேசியோடு வீட்டில் இருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு என்.வி.கியூ நிலையை முடிக்கலாம். ஆங்கிலம் பேசப் பழகலாம். கமநல சேவை நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ போய்க் கணக்கெழுத உதவலாம். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். வீட்டுக் கமத்தின் வரவு செலவை ஒரு போகம் முழுக்க அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பல வீடுகளில் அப்படி எழுதினால்தான், எந்தப் பயிர் எமக்குச் சாப்பாடு போடுகிறது, எது கடையை மட்டும் வளர்க்கிறது என்று முதன்முறையாகத் தெரியவரும்.

பத்திரங்கள்

கடைசியாக, இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கே உரிய தலையிடி. பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியவர் என்பதைப் பொறுத்தே வெட்டுப்புள்ளி அமைகிறது. சொந்த இடம் ஒரு மாவட்டம், முகாம் இன்னொரு மாவட்டம், படித்தது மூன்றாவது மாவட்டம் என்றிருக்கும் பிள்ளைக்கு இது விளையாட்டல்ல. வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எங்கே பதியப்பட்டிருக்கிறது என்பதை வருடந்தோறும் கிராம அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். பாடசாலை மாறும்போதெல்லாம் விடுகைப் பத்திரத்தை வாங்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சை வருடம் வரை காத்திராமல் இப்போதே பிரதியெடுங்கள். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தால் அதையும் இப்போதே திருத்துங்கள். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட வீடுகளில் வருமானச் சான்று எடுக்கும்போது பிரதேச செயலகத்தில் அந்த நிலையைத் தெளிவாகச் சொல்லி எழுதுவியுங்கள். மகாபொலவும் பேர்சரியும் அந்தப் பத்திரத்தில்தான் தங்கியிருக்கின்றன.

பெறுபேறு வந்த பின்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த வருடத்துக்குரிய அனுமதிக் கைநூலைத் தமிழிலும் வெளியிடும். விண்ணப்பிக்க இருப்பது சில கிழமைகளே. பிள்ளையை மட்டும் வாசிக்க விடாமல், மாவட்டத் தீர்மானம், நிதியுதவி ஆகிய இரண்டு பகுதிகளையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பெற்றாரும் இருந்து கேளுங்கள். விளங்காத இடத்தில் கோடு போட்டுப் பாடசாலை அதிபரிடம் கொண்டுபோங்கள். அதிபருக்கு நேரமில்லையென்றால், உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். தொழில் வழிகாட்டல் அவருடைய வேலை. பிள்ளையோடு நீங்களும் போய்க் கேளுங்கள்.